ஆண்டுக்கு ரூ.14,750: பிரீமியம் கார்டின் கணக்கை எப்படிப் போடுவது?

பிரீமியம் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு 2023-க்குப் பிறகு வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சல் என்றாலே கொஞ்சம் பயம்தான். விமான நிலைய லவுஞ்சுக்குப் புதிய நிபந்தனை, பாயின்ட் மதிப்பில் வெட்டு, கார்டில் வாடகை கட்டினால் கட்டணம் என்று ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பக்கம், "உங்களுக்கு மட்டும் அழைப்பு" என்று உலோகக் கார்டை நீட்டும் தொலைபேசி அழைப்புகளும் நிற்கவில்லை. 24 மணி நேர கான்சியர்ஜ் எனும் உதவியாளர் சேவை, எல்லையில்லா லவுஞ்ச், கோடிக்கணக்கில் விபத்துக் காப்பீடு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் எவ்வளவு தேறும்?

பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதே கார்டு, அதே செலவு இருந்தும் ஒரு வீட்டுக்கு லாபமும் அடுத்த வீட்டுக்கு நஷ்டமும் வரும். ஏன் என்று புரிய, கார்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே கார்டு, மூன்று முதலாளிகள்

கார்டில் அச்சான சலுகைகள் எல்லாவற்றையும் வங்கி தருவதில்லை.

1. வங்கி தருபவை: ரிவார்டு பாயின்ட், ஆண்டுக் கட்டணத் தள்ளுபடி, ஃபாரெக்ஸ் மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்குச் சேரும் கூடுதல் கட்டணம்) குறைப்பு.

2. நெட்வொர்க் தருபவை: விசா இன்ஃபினிட், மாஸ்டர்கார்டு வேர்ல்டு எலீட், டைனர்ஸ் கிளப் போன்ற தரநிலைகளோடு ஒட்டி வரும் ஓட்டல் சலுகைகள், சில உறுப்பினர் தகுதிகள். இவை கார்டின் பெயரோடு வருவதில்லை. கார்டு எந்த நெட்வொர்க்கில் அச்சாகிறதோ அதோடு வருகின்றன.

3. வெளி நிறுவனங்கள் தருபவை: கான்சியர்ஜ், லவுஞ்ச், காப்பீடு. கான்சியர்ஜ் எண்ணை அழைத்தால் பேசுபவர் பெரும்பாலும் வங்கி ஊழியர் அல்ல. ஆஸ்பயர் லைஃப்ஸ்டைல்ஸ், டென் லைஃப்ஸ்டைல் போல இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உலகெங்கும் வங்கிகளுக்காக இந்த வேலையைப் பார்க்கின்றன. வெளிநாட்டு லவுஞ்சுக்குப் பெரும்பாலும் பிரையாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் உறுப்பினர் அட்டை. காப்பீட்டுக்கு ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் குழு பாலிசி.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், மூன்றாம் வகைச் சலுகை ஒப்பந்தம் இருக்கும்வரைதான் இருக்கும். இந்தியாவில் வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே நின்ற ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. கார்டு அதேதான். ஆனால் லவுஞ்ச் வாசலில் அதை எப்படிக் காட்டி உள்ளே போவது என்ற வழிமுறை பல வங்கிகளில் மாறிப்போனது. குறையை மட்டும் கார்டு கொடுத்த வங்கியிடமே சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தம் அவர்களோடுதான்.

கான்சியர்ஜ் எதைச் செய்யும், எதைச் செய்யாது

கான்சியர்ஜ் என்பது உங்கள் சார்பில் விசாரித்து, விலை கேட்டு, பதிவு செய்து தரும் ஆள். சேவை இலவசம், வாங்கும் பொருளுக்கு முழு விலையும் உங்கள் கார்டில்தான் ஏறும். பொதுவான நடைமுறை இது: நீங்கள் கேட்கிறீர்கள், அவர்கள் இரண்டு மூன்று வழிகளை விலையோடு அனுப்புகிறார்கள், நீங்கள் ஒன்றை ஒப்புக்கொள்கிறீர்கள், பணம் செலுத்த லிங்க் வருகிறது, பிறகு உறுதிச் சீட்டு. இந்தியாவில் ஆன்லைன் பரிவர்த்தனைக்கு ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு தேவை என்பதால் லிங்க் வழியே நீங்களே செலுத்துவதுதான் முறை. சிவிவி எண்ணையோ ஓடிபியையோ வாயால் சொல்லச் சொன்னால் அவர் கான்சியர்ஜ் அல்ல, மோசடிக்காரர். "உங்கள் கார்டை மேல்தரத்துக்கு மாற்றித் தருகிறோம்" என்று வரும் அழைப்புகளுக்கும் இதே விதி.

விதிமுறைப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய வரிகள் மூன்று:

1. "இயன்றவரை முயற்சிப்போம்." கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை.

2. "மூன்றாம் தரப்புச் சேவைக்கு வங்கி பொறுப்பல்ல." பூங்கொத்து வாடிப்போய் வந்தாலும், வரவேண்டிய கார் வராவிட்டாலும், கடைக்காரரோடு வழக்காட வேண்டியவர் நீங்கள். ரத்து விதியும் அந்தக் கடைக்காரர் வைத்ததுதான்.

3. "கோரிக்கையை மறுக்கும் உரிமை உண்டு." சட்டவிரோதமானது, மறுவிற்பனைக்கானது போன்றவற்றுக்கு இது நியாயம். ஆனால் வரி பொதுவாக எழுதப்பட்டிருக்கும், எதற்கும் பொருந்தும்.

நன்றாக வேலை செய்வது எங்கே? மொழி தெரியாத ஊரில் உணவக மேசை பிடிப்பது, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அங்கேயே வாங்கிப் பரிசு அனுப்புவது, விமான நிலையத்தில் வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல ஆள் ஏற்பாடு செய்வது, ஐந்து ஓட்டல்களின் விலையையும் ரத்து விதியையும் ஒப்பிட்டுத் தருவது. அலைச்சல் அதிகமாகவும் ரகசியம் குறைவாகவும் உள்ள வேலைகள் என்று சொல்லலாம்.

தோற்கும் இடம், பற்றாக்குறை உள்ள எதுவும். விற்றுத் தீர்ந்த கச்சேரி டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு அவர்களால் கொண்டுவர முடியாது; மறுவிற்பனைச் சந்தை விலையைத்தான் சொல்வார்கள். ரயில்வே தட்கலில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கதவு அடைப்பு. திருப்பதி தரிசன டிக்கெட்டும் தேவஸ்தானத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக எடுக்க வேண்டியது. கான்சியர்ஜை வைத்து இவற்றில் நேரம் போக்க வேண்டாம்.

கோரிக்கை எழுதும் விதமும் விளைவைப் பெரிதும் மாற்றும். "சிங்கப்பூரில் நல்ல ஓட்டல் ஒன்று பாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் எந்தத் தளத்திலும் கிடைக்கும் பட்டியல்தான் வரும். மின்னஞ்சலில் இப்படி எழுதிப் பாருங்கள்: "மே 14 முதல் 17 வரை மூன்று இரவு. பெரியவர் இருவர், 9 வயதுக் குழந்தை ஒன்று. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரம். வரி உட்பட இரவுக்கு ரூ.16,000-க்கு மேல் வேண்டாம். வருவதற்கு 48 மணி நேரம் முன்புவரை இலவசமாக ரத்து செய்ய முடிய வேண்டும். மூன்று வழிகள், நாளை மாலை 6 மணிக்குள். உங்கள் விலையில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுதவும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பரிசு, வண்டி, பூ போன்றவற்றில் சப்ளையர் விலைக்கு மேல் கையாளும் செலவு ஏறுவதுண்டு.

கான்சியர்ஜுக்கு ரூபாய் மதிப்பு எவ்வளவு போடலாம்? கடந்த ஓராண்டில் அதை நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் சுழியம் போடுங்கள். வருமானத்தைப் பார்க்காமல் பழக்கத்தைப் பாருங்கள். பலருக்கு இந்தச் சேவை கார்டின் தலைப்பில் இருக்கிறது, கணக்கில் இல்லை. புதுப்பிக்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு, உண்மையாகவே தேவைப்படும் மூன்று வேலைகளைக் கொடுத்து, பதில் வந்த நேரத்தையும் விலையையும் நீங்களே தேடியதோடு ஒப்பிட்டால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

கட்டணம்: அச்சிட்ட தொகையோடு 18 சதவீதம்

எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா மெட்டல் கார்டை உதாரணமாக எடுப்போம். அதன் கணக்கு தெளிவானது, பலரும் அறிந்தது. ஆண்டுக் கட்டணம் ரூ.12,500. ஜிஎஸ்டி 18% சேர்த்தால் ரூ.14,750. கட்டணம் செலுத்திப் புதுப்பித்தால் 12,500 பாயின்ட் திரும்ப வரும். ஆண்டில் 10 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. அப்போது புதுப்பிப்பு பாயின்ட் கிடையாது, ஏனென்றால் அது கட்டணத்துக்கான ஈடு. மேல் தட்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டின் இந்தியக் கட்டணம் ரூ.66,000, வரியோடு ரூ.77,880.

தள்ளுபடி வரம்பைத் துரத்துவதில் மூன்று தவறுகள் நடக்கின்றன.

1. ஆண்டு எது என்று பார்க்காமல் விடுவது. பெரும்பாலும் கார்டு வழங்கிய நாளிலிருந்து எண்ணும் 12 மாதம் அது. நிதியாண்டு என்று நினைத்து மார்ச்சில் அள்ளிச் செலவழிப்பவர்கள் உண்டு.

2. விலக்கப்பட்ட செலவுகளைச் சேர்த்து எண்ணுவது. வாடகை, வாலட், எரிபொருள், இஎம்ஐ ஆகியவற்றைப் பல கார்டுகள் வரம்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

3. வரம்பை எட்டுவதற்காகவே செலவழிப்பது. 8.5 லட்சத்தில் நிற்கிறீர்கள் என்றால், அடுத்த மாதம் எப்படியும் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை முன்னதாகக் கட்டுவது சரி. ரூ.14,750-ஐ மிச்சம் பிடிக்கத் தேவையில்லாத தொலைக்காட்சி வாங்குவது சரியல்ல.

ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய்?

கார்டின் லாபமும் நஷ்டமும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

இன்ஃபினியாவில் ரூ.150 செலவுக்கு 5 பாயின்ட். விளம்பரங்களில் இது 3.33% வருமானம் என்று வரும். ஆனால் அது ஒரு வழியில் செலவழித்தால் மட்டும்:

1. வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமானம், ஓட்டல்: 1 பாயின்ட் = ரூ.1. வருமானம் 3.33%.

2. பொருள் பட்டியல்: 1 பாயின்ட் = 50 பைசா வரை. வருமானம் ஏறத்தாழ 1.67%.

3. பில்லில் ரொக்கமாகக் கழிப்பது: 1 பாயின்ட் = 30 பைசா. வருமானம் 1%.

முதல் வழியிலும் ஒரு முள் இருக்கிறது. பில்லில் 70% வரைதான் பாயின்டால் கட்டலாம். மீதி 30% கார்டில். ஒரு டிக்கெட் ஸ்மார்ட்பையில் ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். 14,000 பாயின்ட், ரூ.6,000 பணம். அதே டிக்கெட் விமான நிறுவனத் தளத்தில் ரூ.18,800-க்குக் கிடைத்தால், அந்த 14,000 பாயின்ட் உங்களுக்கு மிச்சப்படுத்தியது ரூ.12,800 மட்டுமே. பாயின்ட் ஒன்றுக்கு 91 பைசா. வங்கித் தள விலையை வெளி விலையோடு ஒப்பிடாமல் "ஒரு ரூபாய்" என்று எழுதும் கணக்கு பாதிக் கணக்கு. இதில் கன்வீனியன்ஸ் கட்டணமும், ஒவ்வொரு முறை பாயின்டை மாற்றும்போதும் வங்கி பிடிக்கும் சிறு கட்டணமும் தனி.

சம்பாதிக்கும் பக்கத்தில் கவனிக்க வேண்டியது எம்சிசி எனப்படும் நான்கு இலக்க வணிகக் குறியீடு. கடைக்காரரின் இயந்திரம் எந்தக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறதோ, வங்கி அதை வைத்துத்தான் பாயின்ட் தருகிறது, மறுக்கிறது. வாடகை 6513, எரிபொருள் 5541, வாலட் நிரப்புதல் 6540, சூதாட்டம் 7995, வரி 9311: இவற்றுக்குப் பாயின்ட் இல்லை. மின்கட்டணம் போன்ற 4900, காப்பீடான 6300, மளிகையான 5411 ஆகியவற்றுக்குப் பாயின்ட் உண்டு, ஆனால் உச்சவரம்போடு. நகைக்கடை, மருத்துவமனை என்று எண்ணிச் செலுத்திய பெரிய தொகைக்குப் பாயின்ட் வராமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பணம் வாங்கியவரின் குறியீட்டை. பெரிய தொகைக்கு முன் அதே இடத்தில் சிறு தொகை ஒன்றைச் செலுத்தி, எந்த வகையில் பதிவாகிறது, பாயின்ட் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

துரித வழிகளுக்கும் மூடி உண்டு. ஸ்மார்ட்பையில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று வரும் கூடுதல் பாயின்டுக்கு மாதம் 15,000 என்று எல்லை இருந்துவருகிறது. 2024 அக்டோபர் முதல் இன்ஃபினியா பாயின்டில் ஆப்பிள் பொருள் காலாண்டுக்கு ஒன்றுதான், தனிஷ்க் வவுச்சர் காலாண்டுக்கு 50,000 பாயின்ட் வரைதான் என்று வங்கி கட்டுப்படுத்தியது. காரணம் எளிது: வங்கிக்கு அதிகம் செலவு வைக்கும் வழியைத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் பயன்படுத்துவார்கள், அந்த வழிதான் முதலில் அடைபடும்.

மேக்னஸ்: ஒரே நாளில் பத்தில் ஒன்றானது

இந்த அடைப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டைவிடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் இல்லை.

2023 ஆகஸ்ட் வரை: ரூ.200 செலவுக்கு 12 எட்ஜ் பாயின்ட் (ஆக்சிஸின் ரிவார்டு பாயின்ட்). ஒரு மாதத்தில் ஒரு லட்சம் செலவழித்தால் கூடுதலாக 25,000 பாயின்ட். விமான மைல்களாக (விமான நிறுவனங்களின் பாயின்டாக) மாற்றும் விகிதம் 5-க்கு 4. அதாவது மாதம் சரியாக ஒரு லட்சம் செலவழித்தவருக்கு 6,000 + 25,000 = 31,000 பாயின்ட், அதாவது 24,800 மைல்.

2023 செப்டம்பர் 1 முதல்: மாதம் கூடுதலாக வந்த 25,000 பாயின்ட் ரத்து. மாற்று விகிதம் 5-க்கு 2. அதே ஒரு லட்சத்துக்கு 6,000 பாயின்ட், அதாவது 2,400 மைல். கூடவே ஆண்டுக் கட்டணம் ரூ.10,000-லிருந்து ரூ.12,500. தள்ளுபடி வரம்பு 15 லட்சத்திலிருந்து 25 லட்சம்.

24,800 எங்கே, 2,400 எங்கே! மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்குக் கூடுதல் விகிதம் அறிவித்தார்கள். நடுத்தரச் செலவாளிக்கு அதனால் பயனில்லை. மாற்றத்துக்கு முன்பே ஆண்டுக் கட்டணம் கட்டி, அடுத்த ஆண்டுப் பயணத்துக்காகப் பாயின்ட் சேர்த்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

இதை வங்கி செய்ய முடிந்தது, விதிமுறையில் "சலுகைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ திரும்பப் பெறவோ உரிமை உண்டு" என்ற வரி இருப்பதால். எல்லா வங்கியின் விதிமுறையிலும் அந்த வரி இருக்கிறது. ஆகவே பாயின்ட் என்பது சேமிப்பு அல்ல. அடுத்த 12 மாதத்தில் எங்கே செலவழிப்பீர்கள் என்று தெரியாத பாயின்டை, ரொக்கமாக மாற்றும் விலையில்தான் கணக்கில் எழுத வேண்டும்.

"இருப்பைப் பொறுத்து" என்ற இரண்டு சொற்கள்

ஓட்டல் சலுகைகளைப் படிக்கும்போது, உறுதியானதையும் நிபந்தனைக்கு உட்பட்டதையும் இரண்டு நிறத்தில் கோடிட்டுப் பாருங்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ் திட்டம் நல்ல பயிற்சிப் பாடம். மாலை 4 மணிவரை அறையை வைத்துக்கொள்ளலாம் என்பது உறுதி. இருவருக்குக் காலை உணவு உறுதி. மதியம் 12 மணிக்கே அறை என்பதும், மேல்தர அறைக்கு மாற்றம் என்பதும் அன்றைய இருப்பைப் பொறுத்தவை. விளம்பரத்தில் நான்கும் ஒரே எழுத்தளவில்தான் இருக்கும். உறுதியானவற்றுக்கு மட்டும் விலை போடுங்கள். மற்றவை கிடைத்தால் மகிழ்ச்சி.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டைப் பற்றிப் பரவலான இன்னொரு குழப்பம்: "முன்கூட்டியே நிர்ணயித்த வரம்பு இல்லை" என்றால் எவ்வளவும் செலவழிக்கலாம் என்று பொருளல்ல. உங்கள் வருமானம், செலவுப் பழக்கம் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒப்புதல் தருகிறார்கள் என்றுதான் பொருள். பெரிய தொகைக்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்வது வழக்கம்.

லவுஞ்ச், காப்பீடு, வெளிநாட்டுச் செலவு

லவுஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எச்டிஎஃப்சி ரெகாலியா கார்டுக்குக் காலாண்டில் ஒரு லட்சம் செலவு என்ற நிபந்தனை வந்தது; மற்ற வங்கிகளும் தங்கள் பங்குக்கு நிபந்தனை போட்டன. "இலவசம்" என்று இருந்தால் மூன்று கேள்விகள்: முந்தைய காலாண்டில் செலவு வரம்பு உண்டா? உடன் வருபவருக்கு உண்டா? துணைக் கார்டுக்குத் தனி எண்ணிக்கையா, கூட்டு எண்ணிக்கையா? மதிப்பு போடும்போது லவுஞ்சின் கதவு விலையைப் போடாதீர்கள். அந்த வேளைக்கு விமான நிலையத்தில் நீங்கள் எப்படியும் செலவழித்திருக்கும் இட்லி காபி விலையைப் போடுங்கள்.

காப்பீட்டில் பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இன்ஃபினியாவில் விமான விபத்து மரணத்துக்கு ரூ.3 கோடி என்பது விமானப் பயண விபத்துக்கு மட்டும். இத்தகைய காப்பீடுகளில் அந்தக் கார்டில் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும், நாமினி பதிவாகியிருக்க வேண்டும், குறித்த நாட்களுக்குள் தகவல் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் வரும். பாயின்டை வைத்து வாங்கிய டிக்கெட் சேருமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாமினி படிவம் நிரப்பாமலே இருக்கும் வீடுகள் ஏராளம். இன்றைக்கே நிரப்ப வேண்டியது அது. இந்தக் காப்பீட்டை நம்பி ஆயுள் காப்பீட்டையோ பயணக் காப்பீட்டையோ விட்டுவிடக் கூடாது.

வெளிநாட்டுச் செலவில் கிடைக்கும் மிச்சம் உண்மையானது, அளக்கக் கூடியது. சாதாரணக் கார்டுகளில் ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5%. அதன் மேல் ஜிஎஸ்டி சேர்ந்து 4.13%. இன்ஃபினியாவில் 2%, வரியோடு 2.36%. வித்தியாசம் 1.77%. வெளிநாட்டில் ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவழிப்பவருக்கு மிச்சம் ரூ.5,310. இந்த லாபத்தைக் கெடுப்பது, வெளிநாட்டுக் கடையில் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்கும் கேள்வி. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வைக்கிறது. நம் வங்கியும் அதற்குத் தனிக் கட்டணம் பிடிப்பதுண்டு. எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு மாதத் தவணை மீறினால்

இதுவரை போட்ட கணக்கு எல்லாம் பில்லை முழுதாகக் கட்டுபவருக்கு. மாதம் 3.75% வட்டி என்றால் ஜிஎஸ்டியோடு 4.43%. மிகச் சிறந்த வழியில் மாற்றினாலும் பாயின்ட் தருவது 3.33%. ஒரே மாத நிலுவை அதைத் தாண்டிவிடுகிறது. இன்ஃபினியா போன்ற சில கார்டுகளில் வட்டி மாதம் 1.99% தான். ஆனாலும் நிலுவை இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டி 30%-ஐத் தாண்டக் கூடாது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்தப் பழைய உச்சவரம்பை நம்பியும் பயனில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஆண்டுக்கு 7 லட்சம் இன்ஃபினியா கார்டில் செலவழிக்கும் குடும்பம். அதில் ஒரு லட்சம் பாயின்ட் கிடைக்காத செலவு. மீதி 6 லட்சத்துக்கு 20,000 பாயின்ட். கட்டணம் செலுத்துவதால் 12,500. மொத்தம் 32,500.

1. ஆண்டுக்கு ஒருமுறை ரூ.40,000 விமானச் செலவு உள்ள குடும்பம்: 70% விதிப்படி 28,000 பாயின்ட் செலவாகும். 91 பைசா வீதம் ரூ.25,480. மீதி 4,500 பாயின்ட், 30 பைசா வீதம் ரூ.1,350. மொத்தம் ரூ.26,830. கட்டணம் போக மிச்சம் ரூ.12,080.

2. விமானமே ஏறாத குடும்பம், ரொக்கமாகக் கழித்தால்: ரூ.9,750. கட்டணம் போக ரூ.5,000 நஷ்டம்.

3. இதே 6 லட்சத்தை 1.5% கேஷ்பேக் தரும், ரூ.999 கட்டணமுள்ள சாதாரணக் கார்டில் செலவழித்தால்: ரூ.9,000-இல் வரியோடு ரூ.1,179 போக மிச்சம் ரூ.7,821.

பயணம் செய்யும் குடும்பத்துக்கு உலோகக் கார்டின் உண்மையான கூடுதல் லாபம் ரூ.4,259. லவுஞ்சும் ஃபாரெக்ஸ் மிச்சமும் அதோடு சேரும். பயணம் செய்யாத குடும்பம் சாதாரணக் கார்டை விட்டதால் இழப்பது ரூ.12,821. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். குறிப்பாக விமானச் செலவு என்ற ஒரே எண்ணை நேர்மையாகப் போடுங்கள். போன ஆண்டு என்ன செலவழித்தீர்கள் என்பதை எழுதுங்கள், அடுத்த ஆண்டு போக நினைக்கும் ஊர்களை அல்ல.

வேண்டாம் என்று முடிவானால்

ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல்கள் இங்கே உங்கள் பக்கம் நிற்கின்றன. கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அதுவும் வரும் நாட்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டை ஒப்படைத்தால் அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலுவை இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

வரிசை முக்கியம்:

1. முதலில் பாயின்டைத் தீர்த்துவிடுங்கள். மூடிய பிறகு பெரும்பாலும் அது கிடைக்காது. மைல் கணக்குக்கு மாற்றினால், அங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு அடுத்த படி.

2. ஓடிடி, காப்பீட்டு பிரீமியம், தொலைபேசி என்று தானாகக் கழியும் கட்டளைகளை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். மூடக் கேட்ட பிறகு ரூ.199 ஒன்று வந்து விழுந்தாலும் "நிலுவை உள்ளது" என்று நின்றுபோகும்.

3. ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் பிரிவு கட்டணத்தில் சலுகையோ செலவு இலக்கோ முன்வைக்கலாம். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

4. மூடும் கோரிக்கையை மின்னஞ்சலிலோ வங்கியின் செயலியிலோ கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். ஏழு நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

5. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்றும் நிலுவை சுழியம் என்றும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கோரிக்கை எண்ணோடு வங்கிக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.